பாலக்காடு ஐந்து மாடி ஜவுளிக்கடை: துணிக்கு நாலு நட்சத்திரம், லிஃப்ட்டுக்கு ஒன்று

பாலக்காட்டில் புதிதாக வந்திருக்கும் ஐந்து மாடி ஜவுளிக்கடையைப் பற்றி எல்லோரும் துணி நன்றாக இருக்கிறது, விலையும் கோயமுத்தூரைவிடக் குறைவு என்று எழுதுகிறார்கள், இரண்டும் உண்மைதான். குத்தாம்புள்ளிக் கைத்தறி செட்டு முண்டில் (கேரளத்து இரண்டு துண்டுச் சேலை) இத்தனை வகையை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து போகிற நமக்குத் தமிழிலேயே பேசி, முகம் சுளிக்காமல் எடுத்துப் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்க்கிங் பரவாயில்லை. கடைப் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே மாதிரி லிஃப்ட் வைத்த கடைகள் எல்லையின் இரண்டு பக்கமும் நிறைய இருக்கின்றன.

நான் லிஃப்ட் சர்வீஸ் வேலை பார்ப்பவன், என் மச்சான் ஃபயர் ஃபோர்ஸில் இருக்கிறார். அதனால் அந்தக் கடையில் வீட்டுக்காரி சேலை பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் லிஃப்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுக்கூடத்தில் ஏறி இறங்குகிற கண்ணாடி கேப்ஸ்யூல் லிஃப்ட்டைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அதைச் சுற்றிச் சுவர் கிடையாது, கீழே தீப்பிடித்தால் புகை நேராக அந்தக் கூடத்தின் உச்சியில் போய்த் தங்கும், லிஃப்ட் அதற்குள் மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, தீயணைப்பு வீரர் உள்ளே வந்ததுமே புரிந்துகொள்வார். எனக்குக் கவலை ஓரத்தில் அமைதியாக ஓடுகிற சாதாரண லிஃப்ட்தான்.

அது மெஷின் ரூம் இல்லாத வகை. முன்பெல்லாம் மொட்டை மாடியில் தனி அறை இருக்கும், ஆள் மாட்டிக்கொண்டால் படியேறிப் போய் கரண்ட்டை நிறுத்திவிட்டு பிரேக்கை விட்டுக் கையால் இறக்கலாம், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அந்த அறை எங்கே என்று தேட வேண்டியதில்லை. இப்போது மோட்டார், லிஃப்ட் ஏறி இறங்குகிற குழிக்குள்ளேயே உச்சியில் தொங்குகிறது, கன்ட்ரோல் பெட்டி பெரும்பாலும் கடைசி மாடிக் கதவுக்குப் பக்கத்தில். புகை முதலில் நிறைகிற இடமும் அந்தக் கடைசி மாடிதான்! இந்தக் கடையில் அந்தப் பெட்டியைச் சுவரோடு சுவராகத் தெரிகிற மாதிரி அதே நிறப் பலகை போட்டு மறைத்திருக்கிறார்கள். எனக்கே கண்டுபிடிக்க நேரமானது என்றால், முகமூடி போட்டுக்கொண்டு இருட்டில் சுவரைத் தடவி வருகிற ஆளுக்கு எப்படி?

சூப்பர்வைசரிடம் கரண்ட் போனால் லிஃப்ட் என்ன ஆகும் என்று கேட்டேன். "தானா கிட்டத்து மாடிக்குப் போய்க் கதவு திறந்துக்கும் அண்ணா, பேட்டரி இருக்கு" என்றார் பெருமையாக. வாடிக்கையாளருக்கு அது நல்லதுதான். ஆனால் தீயணைப்பு வீரர் மெயினை இறக்கிவிட்டு, லிஃப்ட் செத்துவிட்டது என்று நம்பிக் குழிக்குள் தலையை நீட்டும்போது அந்த பேட்டரி லிஃப்ட்டை நகர்த்தினால்? மெயின் போன சில நொடியில் ஜெனரேட்டரும் தானாக எடுத்துக்கொள்ளும். ஆக அணைக்க வேண்டியது மூன்று: மெயின், ஜெனரேட்டர், பேட்டரி. மூன்றும் எங்கே இருக்கின்றன என்று கீழே ஒரு அட்டைகூட ஒட்டவில்லை.

இன்னொன்று, இந்த லிஃப்ட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு. தரைத்தளத்தில் முன்பக்கம் ஏறினால் மூன்றாம் மாடியில் பின்பக்கம் திறக்கிறது. துணிப்பையோடு நிற்கிற நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஹோஸைப் பிடித்துக்கொண்டு மூடிய கதவைப் பார்த்து நிற்கிற வீரருக்கு முதுகுப்பக்கம் கதவு திறந்து, தீ அங்கே இருந்தால் என்ன ஆகும் என்று மச்சானிடம் கேட்டேன், அவர் பதில் சொல்லாமல் அந்த லிஃப்ட் எந்தக் கடையில் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

லிஃப்ட் தப்பான மாடியில் திறந்து உயிர் போவது கற்பனை இல்லை. 1970 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஒன் நியூயார்க் பிளாசா கட்டடத்தில், சூட்டுக்கு வேலை செய்கிற அழைப்புப் பொத்தான்கள் தீயின் வெப்பத்திலேயே லிஃப்ட்டை எரிகிற மாடிக்குக் கூப்பிட்டு, உள்ளே இருந்த காவலாளிகள் இரண்டு பேர் இறந்தார்கள். தீ நேரத்தில் லிஃப்ட்டைக் கீழே வரவழைக்கிற ஏற்பாட்டையும் சேர்த்து அந்த நகரம் 1973ல் சட்டமே கொண்டுவந்தது.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்புப்படி 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான கட்டடத்தில் தீயணைப்பு வீரர்களுக்கான லிஃப்ட் வேண்டும், குறைந்தது எட்டுப் பேரைத் தாங்க வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் உச்சி மாடியைத் தொட வேண்டும், தரைத்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், லிஃப்ட்டை வீரர்கள் கைக்குக் கொண்டுவருகிற ஃபயர்மேன் ஸ்விட்ச் இருக்க வேண்டும். ஸ்விட்ச் இந்தக் கடையில் இருக்கிறது, கசவு சேலை கட்டிய பொம்மைக்குப் பின்னால்! அதே விதி இழுவைக் கேட் (மடித்து இழுக்கிற கம்பிக் கதவு) கூடாது, மூடிய கதவுதான் வேண்டும் என்கிறது. ஆனால் பின்னால் இருக்கிற சரக்கு லிஃப்ட்டுக்கு இழுவைக் கேட்தான், குழி முழுக்கப் புகைக்கூண்டு மாதிரி பேஸ்மென்ட் குடோனிலிருந்து மேல் மாடி வரை திறந்து கிடக்கிறது.

அது எண்ணெய் அழுத்தத்தில் ஏறுகிற ஹைட்ராலிக் லிஃப்ட் வேறு. எண்ணெய்த் தொட்டியும் பம்பும் அந்த சேலைக் குடோனுக்குப் பக்கத்திலேயே. அழுத்தத்தில் இருக்கிற குழாய் வெடித்தால் எண்ணெய் பனி மாதிரி தெறித்துப் பற்றிக்கொள்ளும். அப்புறம், கரண்ட்டை நிறுத்தினாலும் எண்ணெய் கசிந்தால் லிஃப்ட் தட்டு மெல்லக் கீழே இறங்கும், முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் யாரும் போகக் கூடாது. கோழிக்கோட்டில் 2025 மே மாதம் பஸ் ஸ்டாண்டு ஜவுளிக்கடை எரிந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோமே, துணி எரிந்தால் எத்தனை மணி நேரம் போராட வேண்டியிருக்கும் என்று கடைக்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார், முதலாளியிடம் சொல்வதாகவும் சொன்னார், அதற்கு நன்றி. நான் கேட்டதில் பெரிய செலவு சரக்கு லிஃப்ட் கதவு மட்டும்தான். பொம்மையை நகர்த்தப் பணம் வேண்டாம். மெயின், ஜெனரேட்டர், பேட்டரி, கன்ட்ரோல் பெட்டி, எந்த மாடியில் எந்தக் கதவு திறக்கும் என்பதை ஒரு பலகையில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வாசலில் மாட்டலாம். பக்கத்து ஸ்டேஷன் ஆட்களைக் கூட்டமில்லாத ஒரு காலை நேரம் அழைத்துச் சுற்றிக் காட்டலாம். ஓணக் கூட்டத்துக்கு முன்னால் இதைச் செய்தால் லிஃப்ட்டுக்குக் கொடுத்த ஒற்றை நட்சத்திரத்தை நானே மாற்றி எழுதுகிறேன். அதுவரை பட்டுப் பிரிவுக்குப் போகிறவர்கள் படியேறிப் போங்கள், படி பில் போடுகிற இடத்துக்கு இடதுபக்கம் இருக்கிறது, அகலமாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.