கேனன் 1500டி: ரிப்பேர் போலத் தெரிவதும் உண்மையான ரிப்பேரும்

2018-இல் வெளிவந்த கேனன் இ.ஓ.எஸ். 1500டி, ஐரோப்பாவில் 2000டி என்றும் அமெரிக்காவில் ரெபெல் டி7 என்றும் விற்கப்பட்டது. படம்பிடிக்கக் கற்றுக்கொள்ள இன்றும் இது போதும். 24.1 மெகாபிக்சல் சென்சார், 9 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 3 படம், கூடவே பெட்டியிலேயே வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ். தொடுதிரை கிடையாது, திரை திரும்பாது, சென்சார் தூசியைத் தானே உதறிக்கொள்ளும் வசதியும் இல்லை. நாள்பட இதைப் புழங்கும்போது ஒன்று தெளிவாகிறது. "கேமரா கெட்டுப்போச்சு" என்று சொல்லப்படுகிற நேரங்களில் பெரும்பாலும் எதுவும் கெட்டிருப்பதில்லை. கேமரா ஏதோ ஒரு காரணத்துக்காகப் படம் எடுக்க மறுக்கிறது, அல்லது சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் பிடிப்பதிலேயே பாதிப் பாடம் கற்றாகிவிடும்.

எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் செய்யவேண்டியது ஒரே சோதனை. மோடு டயலைப் பச்சை நிற 'ஏ பிளஸ்' குறிக்குத் திருப்புங்கள். லென்ஸின் பக்கவாட்டு சுவிட்ச் ஏ.எஃப்., அதாவது தானியங்கி ஃபோகஸ், பக்கம் இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில், இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் ஏதாவது ஒரு பொருளை ஐந்து படம் எடுங்கள். ஐந்தும் தெளிவாக வந்தால் பாடியும் லென்ஸும் அநேகமாக நலமாகவே இருக்கின்றன, கோளாறு செட்டிங்கில்தான். அடுத்து டயலைப் 'பி'-யில் வைத்து, மெனுவில் 'கிளியர் செட்டிங்ஸ்' போய் எல்லாக் கேமரா அமைப்புகளையும் அழித்துவிடுங்கள். பச்சை மோடில் மெனுவின் பல பக்கங்கள் கண்ணிலேயே படாது. இந்த வரியைத் தேடிக் காணாதவர்கள் பெரும்பாலும் அந்த மோடில்தான் இருக்கிறார்கள். இதனால் கார்டில் உள்ள படங்கள் அழியாது.

பட்டனை அழுத்தியும் ஷட்டர் விழவில்லை என்பது அடிக்கடி கேட்கிற புகார். வியூஃபைண்டரின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையின், வலது கீழ் மூலையில் பச்சைப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தால் ஃபோகஸ் கிடைக்கவில்லை என்று பொருள். அசையாத பொருளுக்கான 'ஒன் ஷாட்' ஃபோகஸில் கேமரா ஃபோகஸ் பிடிக்காமல் படம் எடுக்காது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பொருள் 25 செ.மீ.-க்கும் அருகில் இருக்கலாம். கிட் லென்ஸின் எல்லை அதுதான், அந்தத் தூரமும் சென்சாரிலிருந்து அளப்பது, லென்ஸ் முனையிலிருந்து அல்ல. வெள்ளைச் சுவர், மேகமில்லாத வானம் போல ஃபோகஸ் பிடிக்கக் கோடோ விளிம்போ இல்லாத இடமாக இருக்கலாம். அல்லது இருட்டு. ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே கிடைக்கோடு, செங்கோடு இரண்டையும் உணரும் சிலுவை வகை. அதனால் மங்கிய வெளிச்சத்தில் நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, சட்டைக் காலர், கண் இமை மாதிரி விளிம்புள்ள இடத்தில் வைத்துப் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு சட்டகத்தை நகர்த்துங்கள். நகரும் பொருளைத் தொடரும் 'ஏ.ஐ. சர்வோ'-வில் ஃபோகஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஷட்டர் விழும். அதில் எடுத்த படங்கள் மங்கலாக வருவதற்கு இது ஒரு காரணம். இருட்டில் பாதி அழுத்தும்போது ஃபிளாஷ் படபடவென்று வெட்டினால் பயப்பட வேண்டாம். தனி உதவி விளக்கு இந்தக் கேமராவில் இல்லை. ஃபோகஸ் பிடிக்க ஃபிளாஷையே விளக்காகப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஷட்டர் 'பாதியில் சிக்கிக்கொண்டது' என்பது பெரும்பாலும் எண்ணைத் தவறாகப் படித்ததால் வருவது. வியூஃபைண்டரில் வெறும் 4 என்றால் நொடியில் நாலில் ஒரு பங்கு. 4-க்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு இருந்தால் முழு நான்கு நொடி. எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடில் டயலை 30 நொடிக்கும் அப்பால் திருப்பினால் 'பல்ப்' வந்துவிடும். விரல் எடுக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும். நெடுநேரப் படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் இயங்கிக்கொண்டிருந்தால், 20 நொடிப் படம் முடிந்ததும் இன்னொரு 20 நொடி 'பிஸி' என்று காட்டும். அது முடிவதற்குள் பேட்டரியைக் கழற்றினால் அந்தப் படம் போய்விடும்.

மங்கலான படத்துக்கு வருவோம். லென்ஸ் மீது பழி போடுமுன் படத்தைக் கணினியில் 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம். சுவரும் நாற்காலியும் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார், ஷட்டர் வேகம் போதவில்லை. ஆளின் முகம் மங்கி, பின்னால் இருக்கும் காலண்டர் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. ஒன்பது புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் இது அடிக்கடி நடக்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மருந்து தானாகக் கிடைக்கும்.

கை நடுக்கத்துக்குக் கணக்கு இருக்கிறது: ஷட்டர் வேகத்தின் கீழ் எண் ஜூம் அளவைவிடக் குறையக் கூடாது. இந்தச் சென்சார் சிறியது என்பதால் 55 மி.மீ.-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 88. ஆகவே அந்த ஜூமில் 1/100 நொடிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது, 18 மி.மீ.-இல் 1/30 போதும். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. அதற்கு 1/500 வேண்டும். வீட்டுக்குள் இரவில் இது எளிதில் கிடைக்காது. சாதாரண விளக்கொளியில் லென்ஸின் திறப்பு எஃப் 5.6, சென்சாரின் உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஏறக்குறைய அரை நொடி ஆகும். ஐ.எஸ்.ஓ.-வை 3200-க்கு ஏற்றினால் அதே வெளிச்சம் 1/60 நொடியில் கிடைக்கும். படத்தில் மணல் தூவினாற்போல் கொஞ்சம் நாய்ஸ் வரும்தான். கலங்கிய படத்தைவிட அது எவ்வளவோ மேல். நாய்ஸை ஓரளவு குறைக்கலாம், கலங்கலைத் திருத்த முடியாது. ஜூமைப் பற்றியும் ஒரு வார்த்தை: இந்த லென்ஸ் 18-இல் எஃப் 3.5 திறக்கும், 55-இல் எஃப் 5.6 தான் (எண் சிறிதானால் திறப்பு பெரிது). ஜூம் செய்யச் செய்ய வெளிச்சம் இரண்டரை மடங்கு குறைகிறது. இருட்டு அறையில் ஜூமைக் குறைத்து இரண்டடி முன்னால் போய் நிற்பதே நல்லது.

படம் தெளிவாக இருந்து வியூஃபைண்டர் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் கண்வளையத்தின் பக்கத்தில் உள்ள சிறு டயாப்டர் உருளையைத் திருப்புங்கள். உள்ளே உள்ள புள்ளிகளும் எழுத்துகளும் கூர்மையாகத் தெரியும்வரை திருப்பினால் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவரும் போடாதவரும் ஒரே கேமராவைப் பகிர்ந்தால் இது தினமும் மாறும்.

உண்மையான ஃபோகஸ் கோளாறும் உண்டு. ட்ரைபாடில் கேமராவை வைத்து ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி, நல்ல வெளிச்சத்தில் ஒரு செய்தித்தாளைச் சுவரில் நேராக ஒட்டுங்கள். 55 மி.மீ.-இல் வியூஃபைண்டர் வழியாக நடுப்புள்ளியால் ஐந்து படம், பின்திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் ஐந்து படம். லைவ் வியூ சென்சாரிலிருந்தே ஃபோகஸ் அளக்கிறது. வியூஃபைண்டர் வழியோ லென்ஸுக்குப் பின்னால் உள்ள கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி உணரியை நம்புகிறது. லைவ் வியூ படங்கள் ஐந்தும் கூர்மை, மற்றவை ஐந்தும் மங்கல் என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. 1500டி-யில் இதை நாமே திருத்தும் மெனு கிடையாது. சர்வீஸ் சென்டரில்தான் சரிசெய்ய வேண்டும்.

ஃபிளாஷ் விஷயத்தில் எதிர்பார்ப்புதான் தவறு. உள்ளமைந்த ஃபிளாஷின் வலிமையைச் சொல்லும் கைடு நம்பர் 9.2. அதை எஃப் எண்ணால் வகுத்தால் ஐ.எஸ்.ஓ. 100-இல் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும்: எஃப் 5.6-இல் 1.6 மீட்டர். கல்யாண மண்டபத்தில் ஐந்தாவது வரிசையிலிருந்து மேடையை எடுத்தால் முன்னால் இருப்பவர்களின் பின்மண்டைதான் வெளுக்கும். ஐ.எஸ்.ஓ. 800-இல் அதே ஃபிளாஷ் 4.6 மீட்டர் போகும். படத்தின் கீழே அரைவட்ட நிழல் விழுந்தால் லென்ஸ் ஹூடைக் கழற்றுங்கள்.

விளக்குகளின் குறும்பு வேறு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. விளக்கும் பழைய சோக் டியூப் லைட்டும் நொடிக்கு 100 முறை ஒளியேறி இறங்கும். 1/500-இல் எடுத்தால் படத்தில் இருண்ட பட்டைகள் தெரியும், அடுத்தடுத்த படங்களின் நிறமும் மாறும். சென்சார் கெட்டுவிட்டதென்று இதை வைத்தே பலர் முடிவுகட்டுகிறார்கள். 1/100 அல்லது 1/50-க்கு இறக்கினால் மறைந்துவிடும். வீடியோவுக்கு மெனுவில் 'பால்' (PAL) முறையைத் தேர்ந்து, 25 ஃபிரேமில் 1/50 வையுங்கள்.

திரையில் 'எர்ர்' என்று எண்ணோடு வந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எர்ர் 01 என்றால் லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளவில்லை. அணைத்து, லென்ஸைக் கழற்றி, இரண்டு பக்கமும் உள்ள பொன்னிற முனைகளைச் சுத்தமான உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். உப்புத்தாள், ரப்பர் எல்லாம் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். பிறகும் வந்தால் ஒரு நுட்பமான சோதனை: எஃப் எண்ணை நாமே வைக்கும் ஏ.வி. மோடில் லென்ஸை முழுதாகத் திறந்து, அதாவது 18 மி.மீ.-இல் எஃப் 3.5 வைத்து ஒரு படம், எஃப் 8-இல் ஒரு படம். முதலாவது எடுக்கிறது, இரண்டாவதில் எர்ர் வருகிறது என்றால் திறப்பைச் சுருக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் அல்லது அவற்றுக்குப் போகும் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் பழுது. முழுதாகத் திறந்திருக்கும்போது இதழ்கள் அசைய வேண்டியதில்லை, அதனால்தான் தப்பித்துக்கொள்கிறது. பாடியில் குறையில்லை, லென்ஸை மாற்றினால் முடிந்தது. எர்ர் 02 கார்டைக் குறிக்கும், 05 ஃபிளாஷ் எழவில்லை என்பது. 20, 30 போன்ற எண்கள் வந்தால் அணைத்து, பேட்டரியை எடுத்துச் சற்று நேரம் விட்டுப் போடுங்கள். லென்ஸ், கார்டு, பேட்டரி மூன்றையும் மாற்றியும் 30 திரும்பத் திரும்ப வந்தால் ஷட்டர் மீதுதான் சந்தேகம். ஒட்டிக்கொண்ட ஷட்டர் தகட்டை விரலால் தள்ளுவது மிகப் பெரிய தவறு.

கார்டைக் கணினியில் ஃபார்மட் செய்யாதீர்கள், கேமராவிலேயே செய்யுங்கள். படங்கள் தவறி அழிந்தால் அதற்குமேல் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றி வைத்தால்தான் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்க வாய்ப்பு. பேட்டரி எல்.பி.-இ10, 860 மில்லி ஆம்பியர்-மணி. வியூஃபைண்டரில் ஏறக்குறைய 500 படம் தரும். லைவ் வியூவில் அதில் ஏறத்தாழ பாதிதான். டூப்ளிகேட் பேட்டரி உப்பினால் அறைக்குள் மாட்டிக்கொள்ளும். லேசாகப் புடைத்தது தெரிந்தவுடனே ஒதுக்கிவிடுங்கள்.

தூசியைக் கண்டுபிடிக்க எஃப் 22-இல் வெறும் வானத்தை ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி இருந்தால் சென்சாரில் தூசி. வியூஃபைண்டரில் மட்டும் தெரிவது படத்தில் விழாது, அதை விட்டுவிடலாம். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, மெனுவில் 'கிளீன் மேனுவலி' கொடுத்தால் கண்ணாடி மேலே போகும். கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் புளோயரால் ஐந்தாறு முறை ஊதுங்கள். முனை உள்ளே நுழையக் கூடாது. படத்தின் மேல் இடது மூலையில் உள்ள புள்ளி, முன்னாலிருந்து பார்க்கையில் சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். கேன் காற்றும் வாயால் ஊதுவதும் ஈரத்தைத் தெளித்துவிடும்.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் எல்லாவற்றையும்விடப் பெரிய பகை பூஞ்சை. லெதர் பையில் மாதக்கணக்கில் மூடிவைத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் படரும், கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். நிறம் மாறிய ஜெல்லை வாணலியில் இளஞ்சூட்டில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். ஏசி அறையிலிருந்து வெளியே போகுமுன் கேமராவை ஜிப் பையில் அடைத்து, வெளிச்சூட்டுக்குப் பழக அரை மணி விடுங்கள். அவசரத்தில் எடுத்துவிட்டு லென்ஸில் ஆவி படிந்தால் துடைக்காமல் காத்திருங்கள், அப்போது லென்ஸைக் கழற்றவே கூடாது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பாடியையும் லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள். எர்ர் எண், எந்த ஜூமில் எந்த எஃப் எண்ணில் வருகிறது என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதி, கேமரா எழுதிய மூலப் படங்களைக் கார்டோடு தாருங்கள். வாட்சாப்பில் அனுப்பிய பிரதியில் ஷட்டர் வேகமும் எஃப் எண்ணும் அழிந்திருக்கும், அதை வைத்து அவர்களால் எதையும் சொல்ல முடியாது.