ஒன்பதாவது பத்தாவதுல கிரேடு விழுந்துடுச்சு, காலேஜ் அப்ளிகேஷனுக்குள்ள எந்த வழில ஏத்தலாம்?

எங்க பொண்ணு பத்தாவது முடிச்ச ஜூன் மாசம், ஒரு நாள் ராத்திரி அவளோட ட்ரான்ஸ்க்ரிப்டை டைனிங் டேபிள்ல விரிச்சு வெச்சு பென்சிலால ஒவ்வொரு கிரேடா கூட்டினேன். ஆறு பாடம், நாலு செமஸ்டர், மொத்தம் 24 கிரேடு. ஏ-க்கு 4 பாயிண்ட், பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1. ஒன்பதாவதுல 12 கிரேடுக்கு 30 பாயிண்ட், பத்தாவதுல 12 கிரேடுக்கு 36. கூட்டினா 66, இருபத்து நாலால வகுத்தா 2.75, இந்த சராசரிக்குத்தான் ஜிபிஏன்னு பேர். கடைசி செமஸ்டர் கெமிஸ்ட்ரில ஒரு டி வேற. அவ எதிர்ல உக்காந்து ஒண்ணும் பேசாம அந்த பேப்பரையே பாத்துட்டு இருந்தா.

அன்னைலேருந்து ஒரு வருஷத்துக்கு மேல எல்லா வழியையும் அலசிப் பாத்துட்டோம், சிலதை செஞ்சும் பாத்தோம். இதே நிலைமைல அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் வெளிய சொல்லிக்காம தவிக்கறாங்கன்னு தெரியும், அதனாலதான் எழுதறேன். நாங்க கலிஃபோர்னியால இருக்கோம், அதனால யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, மாநிலத்தோட அரசு பல்கலைக்கழகம்) கணக்கு கொஞ்சம் கூட வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல எல்லாருக்கும் தோணற வழி, பழைய பாடத்தை திரும்ப எடுத்து கிரேடை மாத்தறது. இதுல ஒரு விஷயம் தெரியாம நாங்க அடி வாங்கினோம். ஒரு கோச்சிங் சென்டர்ல சி வந்த ஹிஸ்டரியையும் ஆன்லைன்ல ரிப்பீட் பண்ணுங்க, ஏ வந்துடும்னு சொன்னாங்க, நாங்களும் நம்பி காசு கட்டி, அவ பாதி சம்மரை அதுல போட்டா. அப்புறம்தான் தெரிஞ்சுது, யூசியைப் பொறுத்தவரைக்கும் டி இல்ல எஃப் வந்த பாடத்தை மட்டும்தான் திரும்ப எடுக்கலாம், சி வந்துடுச்சுன்னா ரெண்டாவது தடவை எடுத்த கிரேடு கணக்குலயே வராது. ஆனா டி இருந்தா விடவே கூடாது, ஏன்னா யூசியும் கால் ஸ்டேட்டும் (மாநிலத்தோட இன்னொரு அரசு பல்கலைக்கழகம்) ஹைஸ்கூல்ல முடிச்சிருக்கணும்னு கேக்கற பாடங்களோட ஏ-ஜி லிஸ்ட்ல, டி வந்த பாடம் முடிச்சதா ஆகாது. மேத்ஸ்லயும் மொழிப் பாடத்துலயும் ஒரு சலுகை இருக்கு, ஆல்ஜிப்ரா 2-ல சி எடுத்துட்டா ஆல்ஜிப்ரா 1-ல வந்த டி சரியாயிடும், ஸ்பானிஷ் 1, ஸ்பானிஷ் 2-க்கும் அதே மாதிரிதான். கடைசி செமஸ்டர் கெமிஸ்ட்ரில வந்த டி-க்கு அந்த வழி இல்ல, அதனால மிச்ச சம்மர்ல அதை திரும்ப எடுத்து பி வாங்கினா. அதுல கிடைச்சது ரெண்டு பாயிண்ட். 24 கிரேடுல ரெண்டு பாயிண்ட்னா ஜிபிஏ 0.08 ஏறும், அவ்வளவுதான். ஓட்டையை அடைக்க ஆகும், உயரத்துக்கு ஆகாது.

ரெண்டாவது வழி, பழசை விட்டுட்டு பதினொண்ணாவதுல முழு கவனத்தையும் போடறது. என் மனசு சாஞ்சது இதுக்குத்தான், காரணம் அந்த பென்சில் கணக்குதான். ஒன்பதாவதுலேருந்து எல்லாத்தையும் கூட்டற காலேஜுக்கு, பதினொண்ணாவதுல பன்னிரண்டும் ஏ வாங்கினாக்கூட 66-ஓட 48 சேத்து 114, முப்பத்தாறால வகுத்தா 3.17. இவ்வளவு உழைச்சும் இதுதானான்னு மனசு விட்டுப் போயிடும். ஆனா யூசி ஒன்பதாவது கிரேடை ஜிபிஏல சேக்கறதே இல்ல. ஒன்பதாவது முடிஞ்ச சம்மர்லேருந்து பதினொண்ணாவது முடிஞ்ச சம்மர் வரைக்கும்தான் கணக்கு. அதே பொண்ணுக்கு அங்க 36-உம் 48-உம் சேந்து 84, இருபத்து நாலால வகுத்தா 3.5. இதை அவளுக்கு எழுதிக் காட்டினப்போதான் முதல் தடவையா நிமிந்து உக்காந்தா. ஒன்பதாவதுல பாடத்தை முடிச்சிருக்கணும், டி எஃப் இருக்கக் கூடாது, அது சரி, ஆனா அந்த 30 பாயிண்ட் கழுத்துல தொங்காது.

நிஜத்துல பன்னிரண்டும் ஏ வரல. ஒன்பது ஏ, மூணு பி, 45 பாயிண்ட். ரெண்டு ஏபி கோர்ஸ் (ஹைஸ்கூல்லயே காலேஜ் லெவல்ல நடத்தற பாடம்) எடுத்திருந்தா, அதுல செமஸ்டருக்கு ஒரு பாயிண்ட்னு நாலு கூடுதல் (யூசி இந்த மாதிரி எட்டு செமஸ்டர் வரைக்கும்தான் கொடுக்கும், சி-க்குக் கீழ போனா கிடையாது). பத்தாவதோட 36-ஐயும் கெமிஸ்ட்ரில ஏறின ரெண்டு பாயிண்டையும் சேத்தா 87, ஜிபிஏ 3.63. ஒரு வருஷம் உருப்படியா படிச்சதுல வந்தது இது. இதுல கஷ்டம் என்னன்னா ஏபியை அள்ளிப் போடக் கூடாது. ஏற்கனவே தடுமாறின பிள்ளை நாலு ஏபி எடுத்து நாலுலயும் சி வாங்கினா, கூடுதல் பாயிண்ட் சேத்தும் சாதாரண கிளாஸ்ல பி வாங்கினதுக்கு சமமாத்தான் நிக்கும், தூக்கம் போனதுதான் மிச்சம். அவளுக்குப் பிடிச்ச ரெண்டு போதும்னு நிறுத்திக்கிட்டோம்.

மூணாவது எஸ்ஏடி, அதாவது காலேஜ் சேர்றதுக்கு எழுதற பொதுப் பரிட்சை. நம்ம வீடுகள்ல கிரேடு குறைஞ்சா உடனே கை போறது இதுக்குத்தான், பரிட்சைன்னா நமக்கு ஒரு நம்பிக்கை. அப்ளை பண்ணப் போற காலேஜ் அதைப் பாக்குமான்னு முதல்ல பாருங்க. யூசியும் கால் ஸ்டேட்டும் எஸ்ஏடி ஸ்கோரை அட்மிஷனுக்குப் பாக்கறதே இல்ல, 1600-க்கு 1600 வாங்கினாலும் அங்க பிரயோஜனம் இல்ல. எம்ஐடி 2022-லயே திரும்ப கட்டாயம் ஆக்கிடுச்சு, டார்ட்மத், ஹார்வர்டு, யூடி ஆஸ்டின் எல்லாம் 2024-ல அறிவிச்சாங்க. ஆனா 2.8 ஜிபிஏ வெச்சுக்கிட்டு போற இடங்க இல்ல அதெல்லாம். நடுவுல இருக்கற, ஸ்கோர் அனுப்பலாம் அனுப்பாமலும் விடலாம்ங்கற காலேஜ்கள்ல நல்ல ஸ்கோர் உதவும், ஸ்காலர்ஷிப்புக்கும் சில இடத்துல உதவும். ஆனா ஏறாத கிரேடு, கூடவே 1500-ன்னா, திறமை இருந்தும் கிளாஸ்ல உழைக்கலன்னு படிக்கறவங்களுக்குத் தோண வாய்ப்பு இருக்கு, கிரேடும் ஏறியிருந்தாத்தான் ஸ்கோர் அதுக்கு சாட்சி மாதிரி நிக்கும். நாங்க கான் அகாடமில இலவசமா இருக்கறதை வெச்சு படிக்க வெச்சு ரெண்டு தடவை எழுத வெச்சோம், அதுக்கு மேல வேண்டாம்னுட்டோம்.

நாலாவது டூயல் என்ரோல்மென்ட், அதாவது ஹைஸ்கூல்ல இருக்கறப்பவே கம்யூனிட்டி காலேஜ்ல (உள்ளூர்ல இருக்கற ரெண்டு வருஷ காலேஜ்) ஒரு கோர்ஸ் எடுக்கறது. ஸ்கூலும் பெத்தவங்களும் கையெழுத்துப் போட்டா சேந்துடலாம், ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு கலிஃபோர்னியால பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸும் கிடையாது. யூசிக்கு மாத்திக்கக் கூடிய கோர்ஸா இருந்தா ஏபி மாதிரியே கூடுதல் பாயிண்ட் வரும், காலேஜ் லெவல்ல ஏ வாங்கினான்னா பழைய சி-யைப் பத்தின சந்தேகம் நல்லாவே குறையும். ஆனா அந்த கிரேடு காலேஜ் ட்ரான்ஸ்க்ரிப்ட்ல நிரந்தரமா உக்காந்துடும், பின்னாடி மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றப்போகூட அதைக் காட்டணும். சம்மர்ல பதினாறு வாரப் பாடத்தை ஆறு எட்டு வாரத்துல முடிப்பாங்க, வேகம் தாங்காம நடுவுல விட்டா டபிள்யூ, அதாவது பாதில விட்டதுக்கான குறி, விழும். ஒழுங்கா டைம் பாத்து படிக்கற பழக்கம் வந்த பிறகு எடுக்கற வழி இது, பழக்கம் வர வைக்கறதுக்கு எடுக்கற வழி இல்ல.

கேப் இயர், அதாவது ஹைஸ்கூல் முடிச்சு ஒரு வருஷம் விட்டு காலேஜ் சேர்றது, அதைப் பத்தி ஒரு வரிதான், வருஷம் கழிஞ்சாலும் ட்ரான்ஸ்க்ரிப்ட் அதேதான், அந்த வருஷத்துல செய்ய ஒரு உருப்படியான வேலை இல்லன்னா இதுக்கு அது மருந்து இல்ல.

இப்ப நான் மனசார சொல்ல வர்ற வழி. கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு யூசி மாதிரி இடத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகறது. இதைச் சொன்னா நம்ம ஆளுங்க முகம் சுருங்கிடுது, யாராவது கேட்டா எப்படி சொல்றதுன்னு பயம், அந்த பயத்துல கையில இல்லாத காசைக் கட்டி பிள்ளையை எங்கயோ தூரத்துல சேத்து விடறாங்க. கலிஃபோர்னியால யூனிட்டுக்கு 46 டாலர், 60 யூனிட்டுக்கு 2,760 டாலர், நிறைய காலேஜ்ல முதல் தடவை முழு நேரமா சேர்றவங்களுக்கு முதல் ரெண்டு வருஷம் அதுவும் இல்ல. யூசில உள்ளூர் ஃபீஸே ஒரு வருஷத்துக்கு 15,000 டாலருக்கு மேல. அதைவிட முக்கியம், 60 யூனிட் முடிச்சு மூணாவது வருஷத்துல சேர்றவங்களோட காலேஜ் கிரேடைத்தான் யூசி பாக்கும், ஹைஸ்கூல்ல விழுந்தது அதோட போச்சு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ், இந்த ஆறு காம்பஸும் குறிப்பிட்ட ஜிபிஏவும் பாடங்களும் முடிச்சா இடம் உறுதின்னு முன்கூட்டியே எழுதித் தர்றாங்க, அதுக்கு பேர் டாக். பெர்க்லியும் யூசிஎல்ஏவும் சான் டியேகோவும் அதுல இல்ல, ஆனா அங்கயும் டிரான்ஸ்ஃபர் ஆறவங்க ஏராளம்.

குறை இல்லாம இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் மாதிரி மேஜர் பல காம்பஸ்ல இந்த உறுதில வராது. எந்த கோர்ஸ் எங்க செல்லும்னு அசிஸ்ட் வெப்சைட்ல முதல் செமஸ்டர்லயே பாத்து வெக்கலன்னா ரெண்டு வருஷம் மூணு வருஷமா இழுக்கும். ஹாஸ்டல், முதல் வருஷ சிநேகிதம் எல்லாம் கிடைக்காது, அது ஒரு பிள்ளைக்கு நிஜமாவே வருத்தமான விஷயம், அதை லேசா எடுத்துக்காதீங்க. இப்ப பன்னிரண்டாவதுல இருக்கற, ஜிபிஏ 3-க்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு நான் இதைத்தான் முதல்ல சொல்வேன் (யூசிக்கு கலிஃபோர்னியா பிள்ளைங்களுக்கு குறைஞ்சபட்சம் 3.0 வேணும், கால் ஸ்டேட்டுக்கு 2.5). பத்தாவது முடிக்கறவங்களுக்கு இன்னும் ஒரு முழு வருஷம் கையில இருக்கு, டி-யை மட்டும் அடைச்சுட்டு பதினொண்ணாவதுல இறங்குங்க.

எங்க பொண்ணு ரெண்டையும் வெச்சிருக்கா. நவம்பர்ல யூசி அப்ளிகேஷன் அனுப்பிட்டா, கட்டுரைல கெமிஸ்ட்ரி பத்தி சாக்கு சொல்லாம என்ன மாத்திக்கிட்டான்னு நாலு வரி எழுதினா. பக்கத்து கம்யூனிட்டி காலேஜோட கோர்ஸ் லிஸ்ட்டும் அவ மேஜைல இருக்கு, அசிஸ்ட்ல பாத்து எதெது செல்லும்னு மஞ்சள் ஹைலைட்டர்ல கோடு போட்டு வெச்சிருக்கா. இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி. பன்னிரண்டாவது கிரேடு ஜிபிஏ கணக்குல வராதுன்னு நிறைய பிள்ளைங்க இங்கதான் கையை விடறாங்க, ஆனா இடம் கொடுத்த பிறகும் டி, எஃப் வந்தா யூசி அதைத் திரும்ப எடுத்துக்கலாம், அதனால கால்குலஸ் ஹோம்வொர்க் ராத்திரி பத்து மணிக்கும் அதே டேபிள்ல நடந்துட்டுதான் இருக்கு.