பழைய டிரக்கில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: கியர் மெத்தென்று விழுந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள்

1954ஆம் ஆண்டு ஷெவர்லே 3100 பிக்கப், அதன் 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், அதன் பின்னால் 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இந்த மூன்றையும் சேர்த்து ஓட்டத் தகுந்த வண்டியாகத் தருகிறோம் என்று ஒரு பட்டறை என்னிடம் முழுப் பணத்தையும் வாங்கியது. வண்டி கைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை, மூன்றாவது கியர் போய்விட்டது. பெட்டியை வேறொருவரிடம் கொடுத்துப் பிரித்தபோது வெளிவந்தவற்றை, இதே வேலைக்கு முன்பணம் எடுத்து வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தகராறு இன்னும் முடியாததால் பட்டறையின் பெயரை எழுதவில்லை.

இந்தச் சேர்க்கையில் குறை எதுவும் இல்லை. 700ஆர்4 பெட்டி 1982 முதல் வந்தது. முதல் கியர் விகிதம் 3.06, நான்காவது 0.70 (பெட்டியிலிருந்து வெளியே போகும் தண்டு ஒருமுறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு). பின்னாளில் வந்த 4எல்60இ பெட்டிக்குத் தேவைப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி இதற்குத் தேவையில்லை என்பதால் கார்புரேட்டர் எஞ்சின்காரர்கள் இதை விரும்புகிறார்கள். என் வண்டியில் முதலில் இருந்த பின் ஆக்சிலின் விகிதம் 4.11, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற அந்தத் தண்டு 4.11 முறை சுற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறிக்கொண்டே ஓடும். 0.70 கியர் சேர்ந்தால் அதே ஆக்சில் ஏறத்தாழ 2.88 போல நடந்துகொள்ளும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதல் ஏமாற்று, வண்டியைப் பிரித்த பிறகு வந்த தொலைபேசி அழைப்பு. “சார், உங்கள் வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட் குழாய்க்குள் மூடியிருக்கிறது. பின் ஆக்சிலையே மாற்ற வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்” என்றார் உரிமையாளர். புரொப்பல்லர் ஷாஃப்ட் என்பது பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. அந்தக் கால அரை டன் ஷெவர்லே வண்டிகளில் அது குழாய்க்குள் மூடித்தான் இருக்கும், புதிய பெட்டிக்கு அது பொருந்தாது. வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இவர்கள் இதே மாடல்களில் வேலை செய்பவர்கள், மதிப்பீடு எழுதும்போது அது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. வண்டி துண்டு துண்டாகக் கிடக்கும்போது கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தே இருந்திருக்கும்.

மாற்றிப் போட்ட ஆக்சிலின் விகிதத்தைக் கேட்டேன். “ஓட்டிப் பாருங்கள், பிடித்துப்போகும்” என்றார்கள். பிறகு எண்ணிப் பார்த்ததில் 3.08. அதை 0.70 கியரோடு பெருக்கினால் 2.16 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு அது சுமக்க முடியாத சுமை. சிறு மேடு வந்தாலும் வண்டி நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். பெட்டியைக் கொன்றது த்ராட்டில் வால்வு கேபிள். இந்தப் பெட்டி வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை 700ஆர்4 பெட்டிக்குச் சொல்வது கார்புரேட்டரிலிருந்து வரும் இந்த ஒரு கம்பிதான். கம்பி எவ்வளவு இழுக்கப்படுகிறதோ அதற்கேற்ப உள்ளே எண்ணெய் அழுத்தம் ஏறும். பெட்டிக்குள் ஒவ்வொரு கியரையும் பிடித்து இணைக்கும் கிளட்ச் தட்டுகளை நழுவாமல் வைத்திருப்பது அந்த அழுத்தம்தான். பழைய பெட்டிகளில் இருந்த கிக்டவுன் கம்பி வேகமாக முந்தும்போது மட்டும் வேலை செய்யும். இதை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிபடும்போது கேபிளும் முழுதாக இழுபட வேண்டும். இடைப்பட்ட நிலைகளிலும் அந்த அளவு பிசகக் கூடாது. என் எஞ்சினில் இருக்கும் ஒற்றைக் குழல் ரோச்செஸ்டர் கார்புரேட்டரின் நெம்புகோல் இந்தக் கேபிளுக்காகச் செய்யப்பட்டதல்ல. அதனால் சரியான நீளத்தில் ஒரு இணைப்புத் தகடு பொருத்தி, பெட்டியின் சோதனைத் துளையில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

என் வண்டியில் இருந்தது வளைத்த ஒரு தகரத் துண்டு. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் கேபிள் பாதித் தூரமே நகர்ந்தது. விளைவு என்ன? எஞ்சின் முழு பலத்தோடு இழுக்கும் நேரத்தில் பெட்டிக்குள் அழுத்தம் குறைவு. கியர்கள் சீக்கிரமே ஏறும், ஏறுவது உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. வண்டியை ஒப்படைத்த நாளில் “வெண்ணெய் மாதிரி மாறுகிறது, கவனித்தீர்களா?” என்று பெருமையாகச் சொன்னார்கள். தட்டுகள் நழுவி நழுவிப் பிடித்ததன் மென்மை அது. வாடிக்கையாளர் பாராட்டிக்கொண்டே இருக்கும்போது பெட்டி எரிந்துகொண்டிருக்கும், புகார் சொல்ல அவருக்குத் தோன்றவே தோன்றாது.

முதலில் சாவது மூன்று, நான்கு கியர்களுக்குப் பொதுவான கிளட்ச் தொகுதி. ஒன்றும் இரண்டும் நன்றாக இருக்கும். மூன்றாவதற்கு மாறியதும் எஞ்சின் இரையும், வண்டி நகராது. பெட்டியின் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தபோது சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாகிக் கருகல் நாற்றம் அடித்தது.

பெட்டியைப் பிரித்தவர் அடுத்துக் காட்டியது இன்புட் ஷாஃப்ட், அதாவது எஞ்சின் பக்கமிருந்து பெட்டிக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டு. “1987க்குப் பிந்தைய, மேம்படுத்தப்பட்ட பெட்டி, முழுதாகப் புதுப்பித்தது” என்று ரசீதில் எழுதியிருக்கிறது. ஷாஃப்டில் இருந்ததோ 27 பற்கள். தொடக்க காலப் பெட்டிகளின் அடையாளம் அது. பிறகு அதை வலுப்படுத்தி 30 பற்கள் ஆக்கிவிட்டார்கள். வெளியே வெள்ளி நிறப் பெயின்ட், உள்ளே பழைய சீல்கள். புதுப்பித்தது பெயின்டை மட்டும்தான் போலிருக்கிறது.

பொருத்திய விதமும் அதே தரம். அடாப்டர் தட்டு வைத்துப் பெல் ஹவுசிங்கை (எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் மணி வடிவ உறை) மாற்றும்போது, புதிய ஹவுசிங்கின் மையம் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் மையத்தோடு ஒத்துப்போகிறதா என்று டயல் கேஜ் என்ற நுண் அளவுமானி வைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக ஏற்கப்படும் விலகல் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்கின் முனையில் உட்கார ஒரு புஷ் (தாங்கு வளையம்) வேண்டும். என் வண்டியில் அந்தப் புஷ்ஷே இல்லை. கன்வெர்ட்டரைக் கிராங்கோடு இணைக்கும் மெல்லிய தட்டான ஃபிளெக்ஸ் பிளேட்டின் போல்ட்டுகளை மட்டும் நம்பி அது சுழன்றிருக்கிறது. எண்ணெய் பம்பின் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து, முன் சீல் ஒழுகியது அதனால்தான். இந்த எஞ்சினின் பின்பக்கத்தைத் தாங்கும் மவுன்ட்டுகள் பழைய பெல் ஹவுசிங்கின் இரு பக்கமும் இருந்தவை. ஹவுசிங்கைக் கழற்றியவர்கள் மாற்றுத் தாங்கி வைக்காமல், எடை முழுவதையும் அலுமினியப் பெட்டியின் வால் பக்கம் ஏற்றியிருந்தார்கள். கன்வெர்ட்டர் பூட்டுக்கான (சீரான வேகத்தில் கன்வெர்ட்டரை நழுவவிடாமல் எஞ்சினோடு நேரடியாக இணைப்பது) மின்கம்பி எதிலும் இணைக்கப்படாமல் தொங்கியது. எண்ணெய்க் குளிர்விப்பான் இருந்தது, ஆனால் காற்றே படாத மூலையில்.

புகாரோடு போனபோது பட்டறை சொன்னது: பெட்டி வாங்கிய இடத்தின் பொறுப்பு. பெட்டியைக் கொடுத்தவர் சொன்னது: பொருத்தியவர்களின் தவறு. இருவரும் சேர்ந்து சொன்னது: பழைய எஞ்சின், அதிர்வு அதிகம். இந்த விளையாட்டைத் தவிர்க்க, பெட்டியையும் பொருத்துதலையும் ஒரே ரசீதில், ஒரே உத்தரவாதத்தில் கேளுங்கள். மூடிய ஷாஃப்ட், ஆக்சில் விகிதம், பின் மவுன்ட் ஆகியவற்றை மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பெட்டியை மாட்டும் முன் இன்புட் ஷாஃப்டின் பற்களை நீங்களே எண்ணுங்கள். ஹவுசிங்கின் விலகலையும், கன்வெர்ட்டரைப் பின்னுக்குத் தள்ளினால் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியையும் (3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்) எண்ணாக வேலைத்தாளில் கேளுங்கள். எஞ்சின் சும்மா ஓடும்போதும் கேபிளை முழுதாக இழுத்தபோதும் அழுத்தமானி காட்டிய அளவும் அதில் இருக்கட்டும். “சரியாக இருக்கிறது” என்று எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.

கடைசியாகப் பட்டறை ஒரு சமரசம் சொன்னது. எரிந்த கிளட்ச் தட்டுகளை இலவசமாக மாற்றித் தருவார்களாம். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். தட்டுகள் எரிந்தால் அவற்றின் தூள் கன்வெர்ட்டருக்குள்ளும் குளிர்விப்பான் குழாய்களுக்குள்ளும் போய்த் தங்கும். கன்வெர்ட்டரை மாற்றாமல், குழாய்களைக் கழுவாமல் புதுத் தட்டு போட்டால் அந்தத் தூள் புதிய தட்டுகளுக்கும் வால்வுகளுக்கும் திரும்பி வரும். கன்வெர்ட்டரை மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். “அது சமரசத்தில் இல்லை, சார்” என்றார் உரிமையாளர். நான் கையெழுத்திடவில்லை.