நண்டு ரத்தம் இல்லாமல் எண்டோடாக்சின் சோதனை: ஆர்.எஃப்.சி. கிட் பற்றிய விமர்சனம்

ஊசி மருந்து, தடுப்பூசி, டிரிப்ஸ் பாட்டில், எலும்பில் பொருத்தும் டைட்டானியம் திருகு என உடம்புக்குள் நேராகப் போகும் எதுவும் எண்டோடாக்சின் சோதனையில் தேறாமல் வெளியே வரக்கூடாது. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடுதான் இந்த எண்டோடாக்சின். பாக்டீரியாவைக் கொன்றாலும் இது அழிவதில்லை. 121 டிகிரி ஆட்டோகிளேவையும் தாங்கி நிற்கும். ரத்தத்தில் சேர்ந்தால் குளிர்க்காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரும் போகலாம்.

இதைக் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டாகப் பயன்படும் ரீஏஜென்ட் எல்.ஏ.எல். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலுள்ள அணுக்களை உடைத்து எடுக்கும் சாறு அது. நண்டைத் தொடாமல் அதே வேலையைச் செய்ய வந்தது, வளர்ப்பு செல்களில் தயாராகும் நொதியான ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி, சுருக்கமாக ஆர்.எஃப்.சி. முதல் கிட்டான பைரோஜீன் 2003-ல் சந்தைக்கு வந்தது. இப்போது லோன்சா விற்கிறது. பயோமெரியூவின் எண்டோசைம் முதலியவை பிறகு வந்தன. இங்கே சொல்லும் அளவுகள் பைரோஜீன் முறையை ஒட்டியவை. வேறு கிட் வாங்கினால் அதன் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊசிமருந்துத் தண்ணீருக்கும், உப்பு, சர்க்கரை போன்ற எளிய மூலப்பொருள்களுக்கும் இந்தக் கிட்டை இன்றே எடுத்துக்கொள்ளலாம். சிக்கலான மருந்துக் கலவைகளுக்கும் புதுவகைப் பொருள்களுக்கும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துத்தான் மாற வேண்டும். ஃபுளோரசென்ஸ் (ஒளிர்வு) படிக்கும் பிளேட் ரீடர் இல்லாத ஆய்வகம் இதை வாங்கிப் பயனில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. நண்டின் ரத்தத்தில் எண்டோடாக்சின் பட்டதும் ஃபேக்டர் சி தூண்டப்படும். அது ஃபேக்டர் பி-யைத் தூண்டும். அது உறைநொதியைத் தூண்டும். கடைசியில் ரத்தம் தயிர் போல உறையும். ஆர்.எஃப்.சி. கிட்டில் முதல் படியான ஃபேக்டர் சி மட்டுமே இருக்கிறது. தூண்டப்பட்ட ஃபேக்டர் சி, கிட்டோடு வரும் சப்ஸ்ட்ரேட்டை வெட்டி ஒளிரும் மூலக்கூறை விடுவிக்கிறது. 380 நானோமீட்டரில் ஒளியைப் பாய்ச்சி 440-ல் படிக்கிறோம்.

படி குறைவதால் ஒரு பெரிய நன்மை உண்டு. நண்டின் சாற்றில் ஃபேக்டர் ஜி என்ற இன்னொரு பாதையும் இருக்கிறது. பூஞ்சையிலும் செல்லுலோஸிலும் இருக்கும் பீட்டா குளுக்கன் அதைத் தூண்டிவிடும். செல்லுலோஸ் ஃபில்டர் வழியாக வந்த மருந்து எண்டோடாக்சின் இல்லாமலே எல்.ஏ.எல்.-இல் தோற்பதும், அதைத் தடுக்கத் தனி பஃபர் வாங்க வேண்டியிருப்பதும் இதனால்தான். ஆர்.எஃப்.சி.-யில் அந்தப் பாதையே கிடையாது. செல்லுலோஸ் டயாலிசிஸ் சவ்வு, டெப்த் ஃபில்டர், ஈஸ்டில் தயாரான புரதம் ஆகியவற்றோடு வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். நண்டு எந்தப் பருவத்தில் பிடிபட்டது என்பதைப் பொறுத்து எல்.ஏ.எல். சாற்றில் லாட்டுக்கு லாட் வரும் வேறுபாடும் இங்கே குறைவு.

இனி தட்டு ஓட்டும் முறை. கிட்டில் நொதி, சப்ஸ்ட்ரேட், பஃபர் மூன்றும் தனித்தனியாக வரும், கூடவே அளவு தெரிந்த ஈ.கோலை ஓ55:பி5 எண்டோடாக்சின் ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டு குப்பியில் எண்டோடாக்சின் இல்லாத தண்ணீரை விட்டு 15 நிமிடம் முழு வேகத்தில் வோர்டெக்ஸ் (கருவியில் வைத்துக் குலுக்குதல்) செய்யுங்கள். இதில் அவசரப்பட்டால் மொத்தத் தட்டும் வீண். எண்டோடாக்சின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டு கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. பிரித்து விடாமல் நீர்க்கச் செய்தால், ஸ்டாண்டர்டு வாசிப்புகளை வைத்து வரையும் நேர்கோடு வளையும். பிறகு 5, 0.5, 0.05, 0.005 இ.யூ./மி.லி. என நான்கு படிகள் (இ.யூ. என்பது எண்டோடாக்சினை அளக்கும் அலகு). ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் வோர்டெக்ஸ்.

96 குழித் தட்டில் பிளாங்க் (எண்டோடாக்சின் இல்லாத தண்ணீர்) 2, ஸ்டாண்டர்டு 8, ஆக 10 குழிகள் போய்விடும். ஒவ்வொரு மாதிரிக்கும் வெறும் மாதிரி 2, ஸ்பைக் செய்தது (தெரிந்த அளவு எண்டோடாக்சினை வேண்டுமென்றே சேர்த்தது) 2 என நான்கு குழிகள் வேண்டும். ஆகத் தட்டுக்கு 21 மாதிரிகள். குழிக்கு 100 மைக்ரோலிட்டர் மாதிரி; ஸ்பைக் குழியில் கூடுதலாக 5 இ.யூ. ஸ்டாண்டர்டிலிருந்து 10 மைக்ரோலிட்டர். இதை 0.5 இ.யூ./மி.லி. ஸ்பைக் என்று கணக்கில் எடுப்பது வழக்கம். தட்டை ரீடரிலேயே 37 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். அந்த நேரத்தில் சப்ஸ்ட்ரேட் 5 பங்கு, பஃபர் 4 பங்கு, நொதி 1 பங்கு கலந்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் சேருங்கள். இந்தக் கலவையை வோர்டெக்ஸ் செய்யக்கூடாது. மெல்லச் சுழற்றினால் போதும், நுரை வந்தால் அளவு தவறும். உடனே ஒரு வாசிப்பு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கணக்கில் எடுக்கிறோம். மாதிரி தானாகவே கொஞ்சம் ஒளிர்ந்தாலும் முதல் வாசிப்பைக் கழிக்கும்போது அது போய்விடும்.

முழுத் தட்டுக்கு 9.6 மி.லி. கலவை செலவாகும். சரியாக 10 மி.லி. கலந்தால், மல்டிசேனல் பிப்பெட் வைக்கும் தொட்டியில் ஒட்டுவதற்கே மிச்சம் போதாமல் கடைசி வரிசை காலியாக நிற்கும். 11 மி.லி. கலப்பது நல்லது: 5.5, 4.4, 1.1.

கண்ணாடிக் குழாய்கள் 250 டிகிரி உலர் சூட்டில் 30 நிமிடம் இருந்தவையாக இருக்க வேண்டும். பிப்பெட் முனையும் தட்டும் எண்டோடாக்சின் இல்லாதவை என்று சான்றளிக்கப்பட்டவை வேண்டும். 'ஸ்டெரைல்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. கிருமி இல்லாத பிளாஸ்டிக்கிலும் செத்த கிருமியின் எண்டோடாக்சின் இருக்கலாம்.

எங்கே தவறும்? முதல் இடம் ரீடரின் கெயின், அதாவது ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு. அதிகம் வைத்தால் 5 இ.யூ. குழிகள் அளவு மீறி வாசிப்பே வராது; குறைத்தால் 0.005-க்கும் பிளாங்குக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் தடவை வெறும் ஸ்டாண்டர்டு தட்டு ஒன்றை ஓட்டி இதைச் சரிசெய்து, அந்த எண்ணை முறை ஆவணத்தில் எழுதிப் பூட்டிவிடுங்கள். அடுத்தது ஓரக் குழிகள்: ரீடரின் சூடு சீராக இல்லையென்றால் ஓரத்தில் இருப்பவை குறைவாகக் காட்டும். ஸ்டாண்டர்டு வரிசை முழுவதையும் ஓரத்தில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

ஸ்பைக் மீட்பு (சேர்த்ததில் சோதனை காட்டும் பங்கு) 50 முதல் 200 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். குறைந்தால் மாதிரி சோதனையைத் தடுக்கிறது என்று பொருள். காரணங்கள் பெரும்பாலும் இவை: பி.எச். 6-க்குக் கீழே அல்லது 8-க்கு மேலே, அதிக உப்பு, இ.டி.டி.ஏ. அல்லது சிட்ரேட், புரோட்டியேஸ் தடுப்பான். இவற்றில் சில எல்.ஏ.எல்.-ஐயும் தடுக்கும். நிறமுள்ள மாதிரியும் ஆர்.எஃப்.சி.-க்குத் தொல்லை தரும். பி-காம்ப்ளெக்ஸ் ஊசியில் இருக்கும் ரைபோஃபிளேவின் 370, 450 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும்; பாய்ச்சும் ஒளியையும் வெளிவரும் ஒளியையும் சேர்த்து விழுங்கிவிடும். தங்க நானோ துகள்களும் ஒளிர்வை அணைக்கும். இதற்கு நேர்மாறாக, டிரிப்சின் மாதிரியான நொதி மிச்சமிருந்தால் அதுவே சப்ஸ்ட்ரேட்டை வெட்டி இல்லாத எண்டோடாக்சினைக் காட்டலாம்.

எல்லாவற்றுக்கும் முதல் மருந்து நீர்க்கச் செய்வதுதான். எவ்வளவு வரை? எண்டோடாக்சின் வரம்பை மாதிரியின் செறிவால் பெருக்கி, ஸ்டாண்டர்டு வரிசையின் மிகக் குறைந்த புள்ளியால் வகுங்கள். ஊசி மருந்துக்கு வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 5 இ.யூ. மணிக்கு, கிலோவுக்கு 10 மி.கி. வரை கொடுக்கும் மருந்து என்றால் அந்த 5-ஐ 10-ஆல் வகுக்க, மி.கி.-க்கு 0.5 இ.யூ. மருந்து மி.லி.-க்கு 20 மி.கி. இருந்தால் 0.5 × 20 ÷ 0.005 = 2,000. ஆக 2,000 மடங்கு வரை நீர்க்கலாம். தண்டுவட நீரில் செலுத்தும் மருந்துக்கு வரம்பு கிலோவுக்கு 5 அல்ல, 0.2 மட்டுமே, அங்கே இவ்வளவு இடம் கிடைக்காது.

நீர்க்கச் செய்தும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. பாலிசார்பேட்டும் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் பஃபரும் சேர்ந்த புரத மருந்துகளில் எண்டோடாக்சின் நாளடைவில் மறைந்துகொள்ளும். ஸ்பைக் அப்போதுதான் சேர்த்தது என்பதால் தேறிவிடும். உள்ளே முன்பே இருந்தது தெரியாது. ஆர்.எஃப்.சி. இதைத் தீர்ப்பதில்லை, எல்.ஏ.எல்.-உம் தீர்ப்பதில்லை. நீர்க்காத மருந்தில் ஸ்பைக் சேர்த்து நாள்கணக்கில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. இந்தக் குறை தீரும் என்ற எண்ணத்தில் யாரும் இந்தக் கிட்டை வாங்க வேண்டாம்.

உடலில் பதிக்கும் பொருள்களுக்கு முறை வேறு. பொருளை எண்டோடாக்சின் இல்லாத தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊற வைத்து, அந்தத் தண்ணீரைச் சோதிக்கிறோம். வழக்கமான வரம்பு ஒரு பொருளுக்கு 20 இ.யூ.; தண்டுவட நீரைத் தொடுபவற்றுக்கு 2.15. ஒரு பொருளுக்கு 40 மி.லி. தண்ணீர் எடுத்தால் 20 என்பது மி.லி.-க்கு 0.5 ஆகும். டைட்டானியம், சிலிக்கோன் போன்றவற்றில் சிரமமில்லை. ஆல்ஜினேட் ஹைட்ரோஜெல் கடினம்: அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் நொதி வேலை செய்யத் திணறும்; பாசியிலிருந்து வருவதால் எண்டோடாக்சின் அசுத்தமும் அதில் சகஜம். திசுப் பொறியியலில் இருக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். செல்கள் வளரத் தாங்கி நிற்கும் சாரக்கட்டுப் பொருளே அழற்சியைத் தூண்டுகிறது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், தூண்டியது அதில் ஒட்டியிருந்த எண்டோடாக்சினா என்று பார்த்தாக வேண்டும்.

இனி நண்டு. பாக்டீரியா பட்டு நண்டின் ரத்தம் உறைவதைப் பார்த்து 1956-ல் எழுதியவர் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெடரிக் பேங். ஜாக் லெவினுடன் சேர்ந்து 1964-ல் காரணத்தை விளக்கினார். அதற்கு முன் முயல்களுக்கு ஊசி போட்டு, காய்ச்சல் வருகிறதா என்று மணிக்கணக்கில் பார்த்தார்கள். முயல்களைப் பெருமளவு காப்பாற்றிய சோதனை எல்.ஏ.எல். என்பதை மறக்கக்கூடாது. ஆனால் அந்தச் சுமை நண்டின் மேல் இறங்கியது. நண்டின் ரத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கடலில் விடுகிறார்கள். அமெரிக்காவில் மருத்துவத் தேவைக்குப் பிடிக்கப்பட்ட நண்டுகள் 2021-ல் 7 லட்சத்தைத் தாண்டின. விடப்பட்டவற்றில் இறப்பு 15 விழுக்காடு என்று மீன்வள ஆணையம் கணக்கிடுகிறது. 30 விழுக்காடு வரை கண்ட ஆய்வுகளும் உண்டு. பிழைத்த பெண் நண்டுகள் சோர்ந்து, முட்டையிடக் கரைக்கு வருவது குறைவதையும் பார்த்திருக்கிறார்கள். டெலவேர் வளைகுடாவில் அந்த முட்டைகளைத் தின்றுதான் ரெட் நாட் என்னும் வலசைப் பறவை ஆர்க்டிக்குக்குப் பறக்கத் தேவையான எடையைப் பெறுகிறது. நண்டு குறைந்ததற்குத் மீன்பிடி இரைக்காகப் பிடித்ததும் பெரிய காரணம். பழி முழுவதையும் ஆய்வகங்கள் மேல் போடுவது நியாயமல்ல. ஆனாலும் மாற்று கைக்கு வந்த பிறகு தண்ணீர்ச் சோதனைக்கும் ரத்தம்தான் வேண்டும் என்பவர், அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

அந்த மாற்றைத் தந்ததும் ஒரு நண்டுதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போ இருவரும் ஃபேக்டர் சி மரபணுவைச் சதுப்புநில இனம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதே இனம் சுந்தரவனத்திலும் வாழ்கிறது. மரபணு ஒருமுறை கிடைத்துவிட்டால் போதும், அதன்பின் புரதத்தை வளர்ப்பு செல்களில் பெருக்கிக்கொள்ளலாம்.

விதிமுறைப் பக்கம் இப்போது தெளிவாகிவிட்டது. ஐரோப்பிய பார்மகோபியாவில் (மருந்துத் தர விதிநூலில்) 2021 ஜனவரி முதல் 2.6.32 என்ற தனி அத்தியாயம் இருக்கிறது. அமெரிக்க பார்மகோபியாவின் 86-வது அத்தியாயம் 2025 மே மாதம் நடப்புக்கு வந்தது. அதற்கும் முன்பே, 2018-ல், எலி லில்லி நிறுவனத்தின் ஒற்றைத் தலைவலிக்கான எம்காலிட்டி ஊசி இந்தச் சோதனையோடு அமெரிக்க ஒப்புதல் பெற்றது. பொருளுக்குப் பொருள் பொருத்தச் சோதனை செய்யும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் மருந்து போகும் நாட்டின் பார்மகோபியா நடப்புப் பதிப்பைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

நிறத்தைப் படிக்கும் சாதாரண 405 நானோமீட்டர் ரீடர் மட்டும் இருந்தால், நண்டின் மூன்று நொதிகளையும் ஆய்வகத்தில் உருவாக்கிச் சேர்த்த ரீகாம்பினன்ட் கேஸ்கேட் வகையைப் பாருங்கள். பைரோஸ்மார்ட் அவற்றில் ஒன்று. அதற்கும் நண்டு தேவையில்லை, புது ரீடரும் வேண்டாம். மாதம் நாலைந்து மாதிரி மட்டுமே ஓட்டும் சிறு ஆய்வகத்துக்குத் தட்டு முறையே கட்டுப்படியாகாது. வெளியே அனுப்புவது சரி, அனுப்பும்போது ஆர்.எஃப்.சி. முறையைக் கேட்டு வாங்கலாம்.

மாறுவதாக முடிவுசெய்தால், சில காலம் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். ஸ்டாண்டர்டில் இருப்பது சுத்தம் செய்த ஈ.கோலை எண்டோடாக்சின், உங்கள் தண்ணீர்க் குழாயில் இருப்பது ரால்ஸ்டோனியாவோ சூடோமோனாஸோ போன்ற வேறு பாக்டீரியா. இயற்கை எண்டோடாக்சினை இரு முறைகளும் ஒரே அளவாகக் காட்டுகின்றனவா என்ற வாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆகவே உங்கள் தண்ணீர் அமைப்பில் பிடித்த கிருமிகளை வளர்த்து, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்து, அந்த வடிநீரை இரண்டிலும் சோதியுங்கள். எண்கள் விலகினால் எந்தக் கிருமியில், எவ்வளவு என்று எழுதி வையுங்கள். தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.