ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தோஷப்படாதீர்கள்: பேர் இல்லாத வெளுப்புக் கிரீம் பற்றி ஓர் எச்சரிக்கை

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பார்லர் வழியாகவோ வாட்ஸ்அப் குழு வழியாகவோ வீட்டுக்குள் வரும் சின்ன வெள்ளை டப்பாவைப் பற்றிய பதிவு இது. மூடியைத் திறந்தால் வெள்ளித்தாள், அதன் கீழே வெண்ணெய் நிறத்தில் கிரீம். அடியில் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி இருக்காது, உரிம எண் இருக்காது, பேட்ச் எண் இருக்காது. வெளிநாட்டுச் சரக்கு என்பார்கள். இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்காது. "ஹெர்பல்தான், பயப்படாதீங்க" என்ற ஒரு சொல்தான் அதற்கு உத்தரவாதம்.

ஏமாறுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. ஏழெட்டு நாளில் முகம் உண்மையாகவே வெளுக்கிறது, அதனால்தான் நம்புகிறார்கள். இரண்டாவது டப்பா வாங்குகிறார்கள். மூன்றாவது மாதம் வெயிலில் போனால் எரிகிறது, கன்னம் சிவக்கிறது, ஒரே அளவில் சிறுசிறு பருக்கள் கிளம்புகின்றன, தாடையில் பூனைமுடி வளர்கிறது. விற்றவரிடம் கேட்டால், "உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருது, விடாம போடுங்க" என்று பதில் வரும். கூடவே விலை அதிகமான ஒரு நைட் கிரீமும் வரும். இதுதான் மோசடியின் மையம். மருந்து செய்த கெடுதலைக் காட்டியே அடுத்த மருந்தை விற்கிறார்கள்.

அவ்வளவு வேகமாக வெளுக்க வைக்கும் கிரீமில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும், சிலதில் இரண்டுமே.

முதலாவது ஸ்டீராய்டு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்றவை. இவை தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வெளிறச் செய்கின்றன, நிறமி உற்பத்தியையும் குறைக்கின்றன. கூடவே தோலை மெலிய வைக்கின்றன. கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிவது "நிறம் வந்ததால்" அல்ல, தோல் காகிதம் போல் ஆனதால். மருந்துக்கடைகளில் கிடைக்கும் மும்மருந்துக் கலவையும் (ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%) இதே ஆபத்துதான். அது மங்குக்காக, மருத்துவர் சொல்லி, சில வாரங்கள் மட்டும் இரவில் போட வேண்டியது. அதை ஃபேஸ் கிரீம் போல வருடக்கணக்கில் பூசுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2018-லேயே 14 ஸ்டீராய்டு பூச்சுகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குப் போய்விட்டன. கேட்டால் கொடுக்கும் கடைகள் இன்னும் இருப்பதுதான் வேதனை.

இரண்டாவது பாதரசம். நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியை அது முடக்குகிறது. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. நம் நாட்டு 2020 அழகுசாதன விதிகளின்படி, முகக் கிரீமில் தவறிக் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கள்ள டப்பாக்கள் பலவற்றில் அது ஆயிரக்கணக்கான பங்கு இருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் உள்ளவர்கள் 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் நெல்-1 (NELL-1) என்ற அரிய வகை. அந்தப் பதினைந்து பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

டப்பாவில் "தங்கம், வெள்ளி நகை மேல் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தாலோ, கிரீம் வெளிச்சம் பட்டுச் சாம்பல் நிறமானாலோ பாதரசம் என்று சந்தேகியுங்கள். கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்குரி என்பனவும் அதன் பெயர்கள்தான். பூசுகிறவரோடு நிற்கும் விஷம் அல்ல இது; தலையணை உறை, துண்டு, முத்தம் வழியாகக் குழந்தைக்கும் போகும்.

இப்போது பூசிக்கொண்டிருப்பவர்கள் கவனியுங்கள். பாதரச சந்தேகம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சிறுநீர் நுரைக்கிறதா, காலையில் இமையும் மாலையில் கணுக்காலும் வீங்குகின்றனவா, விரல் நடுங்குகிறதா, வாயில் உலோகச் சுவை இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் ஒருமுறை சிறுநீரில் புரதம் பார்த்துவிடுங்கள்; சாதாரண லேபிலேயே முடியும். பாதரச அளவுக்குச் சிறுநீர்ப் பரிசோதனைதான் சரியாகக் காட்டும். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் போட்டவர்கள் தோல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள். நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரிந்து, முன்பைவிடக் கருத்தது போலத் தோன்றும். பலரும் பயந்து மறுபடி டப்பாவைத் திறப்பது அந்த வாரத்தில்தான். அப்போது மணமில்லாத மாய்ஸ்சரைசர், மருத்துவர் சொல்லும் சன்ஸ்கிரீன் போதும். எலுமிச்சை, சமையல் சோடா எதுவும் வேண்டாம்.

டப்பாவைக் குப்பையில் வீசாதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் கவரில் கட்டி, மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிறகு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் புகாரோடு கொடுங்கள். பணம் அனுப்பிய ரசீதும் விற்றவரின் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சி, அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

இந்த வியாபாரம் விற்பது கிரீமை அல்ல, "இந்த நிறத்துல எவன் கட்டுவான்" என்ற பயத்தை. அதனால் நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேல்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடம்தான் உங்கள் பிறவி நிறம். வெயிலில் கருத்த முகம், வெயிலைத் தவிர்த்தால் மெல்ல அதுவரை திரும்பும். அதற்கு மேல் வெளுக்க வைப்பதாக எவர் சொன்னாலும், தோலைக் கெடுத்துத்தான் செய்ய முடியும். நிறமி செய்யும் செல்களின் எண்ணிக்கை கருப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. நிறமித் துகளின் அளவும் பரவலும்தான் வேறு. கருப்பில் குறை எதுவும் இல்லை, சரிசெய்ய வேண்டியதும் இல்லை.

பல செல்போன் கேமராக்களில் பியூட்டி ஃபில்டர் தானாக இயங்கும்; அதை அணைத்துவிட்டு, காலை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பார்த்துப் பழகுங்கள். முதல் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். மணப்பெண் மேக்கப்பில் ஃபவுண்டேஷனைத் தாடையிலும் கழுத்திலும் தீட்டிப் பார்த்து, தெரியாமல் மறையும் நிறத்தையே போடச் சொல்லுங்கள். இரண்டு படி வெளுப்பு வேண்டாம் என்று முன்பே பேசிவிடுங்கள். கண்ணாடி முன் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, நிறத்தை நினைத்தே விசேஷங்களுக்குப் போவதில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வெட்கத்தால் பலர் டாக்டரிடம்கூட கிரீமைச் சொல்வதில்லை. வீங்கிய காலோடு போய் மாத்திரை வாங்கி வருவார்கள், டப்பா பீரோவிலேயே இருக்கும். வீட்டில் மகளோ தம்பியோ பூசுவது தெரிந்தால் "ஏன் பூசினே" என்று ஆரம்பிக்காதீர்கள். "எத்தனை நாளா போடுற கண்ணு, யூரின் நுரைக்குதா?" என்று கேளுங்கள்.