சைக்கிள்ஸா, ஈவியா? பாம்பன் பாலத்தை ரெண்டர் பண்றதுக்கு முன்னாடி

நாலு பேர் குழு, ஒரே ஒரு கேமிங் லேப்டாப், கையில் மூன்று வாரம். 2025-ல் திறந்த பாம்பன் புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப்பகுதி மேலே எழுவதை 30 விநாடி 3D அனிமேஷன் காட்சியாக்க வேண்டும். மாடலிங்கைப் பங்கு பிரிப்பதில் தகராறு இல்லை. பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் எந்த ரெண்டர் இஞ்சின் (3D மாடலைப் படமாக்கித் தரும் பகுதி), சைக்கிள்ஸா ஈவியா என்பதில்தான் சண்டை.

சைக்கிள்ஸ், ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொரு கதிராகத் தொடர்ந்து போய்க் கணக்குப் போடும். தண்ணீரில் தூணின் நிழலும் வானத்தின் வெளுப்பும் கலப்பது அப்படியே வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: விநாடிக்கு 24 பிரேம் என்றால் 720 பிரேம். பிரேமுக்கு 2 நிமிடம் ஆனால் முழுசாக 24 மணி நேரம். நேரத்தை மிச்சம் பிடிக்க சாம்பிளை, அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தொடரும் கதிர்களின் எண்ணிக்கையை, குறைத்தால் கடல்மேல் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக நிற்கும்.

ஈவி விளையாட்டு இஞ்சின் மாதிரி, பிரேமுக்குச் சில விநாடிதான். குறை தண்ணீரில் தெரியும்: திரைக்கு வெளியே இருக்கும் கர்டரின் (பாலத்தின் உத்திரம்) பிரதிபலிப்பு கேமரா திரும்பும்போது சட்டென்று காணாமல் போகும். போன தடவை எங்களுக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வைத்தது இதுதான்.

என் ஓட்டு ஈவிக்கு; நெருக்கத்தில் கடல் வரும் ஒரே ஷாட் மட்டும் சைக்கிள்ஸில். எதுவானாலும் வீடியோவாக எடுக்காமல் படம் படமாகச் சேமியுங்கள். ராத்திரி கரண்ட் போனால் விட்ட பிரேமிலிருந்து தொடரலாம்.