நகர மையமா, புறநகரா: ஹோட்டல் ரூம் எங்கே போடலாம்?

பெருநகரத்துக்குக் கிளம்புகிறவர்கள் கடைசியில் வந்து முட்டி நிற்பது இங்கேதான்: ஊர் நடுவே சின்ன அறை, அல்லது அதே காசுக்குப் புறநகரில் விசாலமான அறை.

செலவு
மையம்: வாடகை கூடுதல். ஆனால் பாதி இடங்களுக்கு நடந்தே போய்விடலாம்.
புறநகர்: வாடகை குறைவு. டாக்ஸி காசையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். தினமும் போய்வந்தால் மிச்சம் பிடித்தது ரோட்டிலேயே கரைந்துவிடும்.

நேரம்
மையம்: மதியம் அறைக்கு வந்து, குளித்து, கொஞ்சம் படுத்துவிட்டு மறுபடி கிளம்பலாம். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் இந்த ஒரு காரணமே போதும்.
புறநகர்: காலையில் கிளம்பினால் இரவுதான் திரும்புவது. ‘ஸ்டேஷனுக்கு 1 கி.மீ.’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது நேர்கோட்டுத் தூரமாக இருக்கலாம். நடுவில் மேம்பாலமோ தண்டவாளமோ குறுக்கிட்டால் நடை இரட்டிப்பாகும். மேப்பில் நடைவழியைப் போட்டுப் பாருங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும்தான்.

தூக்கம்
மையம்: சாலையைப் பார்த்த அறை என்றால் விடிய விடிய ஹாரன். பின்பக்க அறையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.
புறநகர்: பெரும்பாலும் நிம்மதி.

பார்க்கிங்
சொந்தக் காரில் வந்தால் புறநகர்தான், பேச்சே இல்லை.

இரண்டு மூன்று நாள் சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கு மையம். நீண்ட நாள் தங்குபவர்களுக்கும் காரில் வருபவர்களுக்கும் புறநகர். என் ஓட்டு, மெட்ரோ வாசலிலிருந்து 5 நிமிட நடையில் இருக்கும் புறநகர் அறைக்கு; அப்படி ஒன்று கிடைக்கவில்லையென்றால் மையத்துக்கே போய்விடுவேன்.